யார் கையிலும் இல்லாத நேரம்

பஞ்சு பேலின் கம்பியை வெட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அமுங்கிக் கிடந்த பஞ்சு ஒரே மூச்சில் உப்பும். அறுந்த கம்பி எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. காலை ஆறு மணிக்கு முதல் கம்பியை வெட்டுவேன். ஏழு மணிக்குள் பன்னிரண்டு பேல்களை உருட்டி வரிசையில் நிறுத்தி, சாக்கை உரித்து, மெஷினுக்கு வாகாக வைத்துவிட வேண்டும். ஒரு பேல் நூற்றி எழுபது கிலோ. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் இந்தப் புளோ ரூமுக்கு ஜன்னல் கிடையாது. மூக்கில் கட்டிய துணி அரை மணியில் நனைந்து கனத்துவிடும். எட்டு மணிக்குத் துப்பினால் எச்சிலில் வெள்ளை இழை வரும்.

ஒன்பது வருடமாகச் செய்யும் வேலை. கை தானாகச் செய்யும். நினைப்பு மட்டும் பரவையில், சுஃபியாவின் வீட்டுப் பாயில் தூங்கிக்கொண்டிருக்கும் என் மகன் ராம்கியிடம் கிடக்கும். விடியுமுன் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு போய், சந்தில் நாலாவது வீடான அவள் கதவைத் தட்டி, அவள் மகள் ஷிபாவுக்குப் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டு மில் பஸ்ஸுக்கு ஓடி வந்திருப்பேன். அவனுக்கு நாலு வயது. ஷிபாவுக்கு மூன்றரை.

என் மனைவி மஞ்சள்காமாலையில் போய் இரண்டு வருடம் ஆகிறது. சுஃபியாவின் புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன்; கொஞ்ச நாளில் போனும் நின்றது. வாடிப்பட்டி தாண்டியிருக்கும் எங்கள் நூல் மில்லில் இப்படித் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் எட்டுப் பேர். ஆண் நான் ஒருவன். யார் முதலில் யோசித்தது என்று தெரியாது, எட்டுப் பேரும் ஜோடி ஜோடியாகச் சேர்ந்திருந்தோம். ஜோடியில் ஒருவர் ஏ ஷிப்ட், காலை ஆறிலிருந்து இரண்டு. இன்னொருவர் பி ஷிப்ட், இரண்டிலிருந்து ராத்திரி பத்து. காலையில் என் பிள்ளையையும் சேர்த்து சுஃபியா பார்ப்பாள். மதியம் இரண்டு பிள்ளைகளையும் மில் பஸ்ஸில் கூட்டி வந்து வாசலில் விட்டுவிட்டு வேலைக்குள் போவாள். நான் வெளியே வந்து இருவரையும் கூட்டிக்கொண்டு அதே பஸ்ஸில் பரவைக்குத் திரும்புவேன். வேலை முடிந்து வந்து, தூங்கும் மகளைத் தூக்கிக்கொண்டு போவாள்.

சந்தில் பேச்சு வராமல் இல்லை. "என்ன மாப்ள, வீட்ல இன்னும் டூட்டி முடிஞ்சு வரலியா?" என்று டீக்கடையில் ஒருவன் கேட்டான். நான் டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன். சுஃபியாவிடம் ஒருத்தி கேட்டபோது, "உன் புருஷன ஒருநாளு வந்து ரெண்டு பிள்ளைக்கும் குண்டி கழுவி விடச் சொல்லு, அப்புறம் உக்காந்து பேசுவோம்" என்றாளாம். அதற்குப் பிறகு பேச்சு அடங்கியது.

இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. பி ஷிப்ட்காரர்கள் ஒன்றே முக்காலுக்குள் மெஷினில் முகம் காட்டிப் பதிந்துவிட வேண்டும். ஏ ஷிப்ட்காரர்கள் வெளியே வர இரண்டு ஐந்து ஆகும். நடுவில் இருபது நிமிடம். மில் வாசலுக்கு எதிரே ரோட்டோரம் ஒரு சிறு பாலத்தின் குட்டைச் சுவர், பாலக்கட்டை. பத்துப் பிள்ளைகள் அதில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வாட்ச்மேன் சிவனாண்டி அண்ணன் கேட்டுக்குள் நின்றபடி, "யாரும் எறங்கப்படாது" என்று அதட்டிக்கொண்டே ஒரு கண் வைத்திருப்பார். அந்த இருபது நிமிடம் பிள்ளைகள் யார் கையிலும் இல்லை. எங்களில் ஒருவரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் மறுநாள் வேலைக்குப் போக முடியாது.

சித்திரை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்றேகால் மணிக்கு முதலாளி சிவக்குமார் புளோ ரூமுக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டையில் பஞ்சு ஒட்டும் என்று அந்தப் பக்கமே வராதவர்.

"ஏ ஷிப்ட் மொத்தமும் பின்னாடி குடோனுக்கு வாங்க. பேக்கிங் முடியணும். நாளைக்குக் கன்டெய்னர் கெளம்புது. நாலு மணி வரைக்கும் ஒருத்தரும் வெளிய போகக் கூடாது."

"முதலாளி, வெளிய பிள்ளைக நிக்கும்" என்றேன்.

"யார் பிள்ளைக?"

"என் பையன், சுஃபியா மக... இன்னும் இருக்கு முதலாளி."

"சுருளி, நான் நடத்துறது மில்லா, பால்வாடியா? பஞ்சுல கம்பி கெடந்துச்சுன்னு போன மாசந்தான் மெமோ வாங்குன. இன்னொண்ணு அடிக்கச் சொல்லவா?"

சூப்பர்வைசர் நடுவில் வந்தார். "நீங்க போங்கண்ணே. வாட்ச்மேன்ட்டச் சொல்லிப் பிள்ளைகள உள்ள ஒக்கார வைக்கச் சொல்றேன்."

நான் போனேன். இன்னொரு வார்த்தை பேசியிருக்கலாம். பிறகு எத்தனையோ நாள் அந்த வார்த்தை என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்திருக்கிறேன். பெரிய வார்த்தை எதுவும் வேண்டியதில்லை. 'நானே ஒரு எட்டுப் போய்ச் சொல்லிட்டு வாரேன்' என்றிருந்தால் போதும்.

எங்கள் செல்போன்கள் கேட்டில் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தன. குடோன் பின்பக்கம் தனிக் கட்டடம். பி ஷிப்ட் ஆட்கள் உள்ளே வந்தபோது மெஷின்களைப் பயிற்சிப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏ ஷிப்டை இன்றைக்கு முன்கூட்டியே விட்டுவிட்டார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். சுஃபியாவும் அப்படித்தான் நினைத்தாள். அவள் நினைப்பில் பிள்ளைகள் என்னிடம் இருந்தார்கள். என் நினைப்பில் சிவனாண்டி அண்ணனிடம் இருந்தார்கள். சிவனாண்டி அண்ணனிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவர் இரண்டரை வரை கேட்டில் நின்று பார்த்திருக்கிறார். பிறகு லோடு லாரிகளுக்கு எடை போட அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மூன்று மணி வெயிலில் பாலக்கட்டை சுட்டிருக்கிறது. எதிரே நின்ற லாரிக்கு அடியில் நிழல் இருந்திருக்கிறது. டிரைவர் கவனிக்காமல் வண்டியை எடுத்திருக்கிறார்.

செய்தி கேட்டு நான் குடோனிலிருந்து ஓடி வந்தபோது சிவனாண்டி அண்ணன் தன் காக்கிச் சட்டையைக் கழற்றி ஷிபாவின் இடது காலில் சுற்றிக்கொண்டிருந்தார். ராம்கி என் காலைக் கட்டிக்கொண்டான். "நான் போகாதேன்னேன்ப்பா. அங்கிட்டு நெழலு இருக்குன்னு அவதான் போனா. அப்பா, நான் சொன்னேன்ப்பா." அன்று முழுக்க அவன் இதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்தார்கள். பாதத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்றார் டாக்டர். வராண்டாவில் சுஃபியாவும் நானும் ஒரே பெஞ்சில் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தோம். அவள் தலைமுடியில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது. அவள்தான் முதலில் கேட்டாள்.

"நீங்க வெளிய வரலியாண்ணே?"

"வரலம்மா. குடோன்ல நிறுத்திட்டாங்க."

"எனக்குச் சொல்லி விடலியே."

"வாட்ச்மேன்ட்டச் சொல்றேன்னு சூப்பர்வைசர் சொன்னாப்ல."

அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். அன்றிலிருந்து அவள் என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. காலையில் கதவைத் தட்டினால் திறப்பாள். ராம்கியை வாங்கிப் படுக்கவைப்பாள். மகளோடு லீவில் இருந்த அந்த மூன்று வாரமும் என் பிள்ளைக்குச் சோறூட்டிக் குளிப்பாட்டி விட்டாள். ஷிபாவை மட்டும் என் கையில் தரவில்லை. நான் கை நீட்டும்போதெல்லாம் எதையோ எடுக்கப்போவது போலத் திரும்பிக்கொண்டாள்.

விபத்து கேட்டுக்கு வெளியே நடந்தது, மில்லுக்குச் சம்பந்தமில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். வாசலில் ஒரு போர்டு மாட்டினார்கள்: வளாகத்தின் முன் குழந்தைகளை விட்டுச்செல்லக் கூடாது. மில் பஸ்ஸிலும் பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்று டிரைவருக்கு உத்தரவு. எங்கள் ஜோடிகள் அன்றோடு உடைந்தன. பி ஷிப்ட்காரர் ஒன்று பத்துக்குப் பஸ் ஏறினால், ஏ ஷிப்ட்காரர் பரவை வந்து இறங்க இரண்டே முக்கால். அந்த நேரத்துக்குப் பிள்ளைகளை எங்கே வைப்பது? முத்துமீனா, குடிக்கிற புருஷனை விட்டுத் தானாக வெளியேறி வந்தவள், ஐந்து வயது மகளிடம் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து வீட்டை வெளியே பூட்டிவிட்டு வந்தாள். "கரண்டு பிளக்குல டேப் ஒட்டிட்டேன், அடுப்ப மேல தூக்கி வச்சிட்டேன்" என்று மெஷின் முன் நின்று தனக்குள் சொல்லிக்கொண்டே இழை பிடிப்பாள் என்று பக்கத்து மெஷின்காரி சொன்னாள். ஒருத்தி வேலையை விட்டுவிட்டுப் பேரையூர்ப் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டாள். அங்கே மழை இல்லை, வேலையும் இல்லை.

சுஃபியாவின் அண்ணன் அப்துல் ரசாக் டவுனில் பழைய கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் செய்பவர். அவர் வீட்டில் ஏற்கெனவே ஆறு பேர். தங்கை மகளுக்கு ஒரு ஹாஸ்டலில் இடம் கேட்டுவிட்டு வந்திருந்தார். அனாதைப் பிள்ளைகளுக்கானது, அத்தாவோ அம்மாவோ ஒருவர் இல்லையென்றாலும் சேர்த்துக்கொள்வார்களாம். வருடத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு விடுவார்களாம்.

"லீவு வியாழக்கிழமையோட முடியுதுல்ல? அன்னைக்குச் சாயங்காலம் ஆட்டோ எடுத்துட்டு வாரேன்" என்றார். "நீயும் எம்புட்டு நாளைக்கும்மா இப்படி மல்லுக்கட்டுவ?"

அவள் சரி என்றாள். துணிகளில் பெயர் எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். நான் ராம்கியைக் கூப்பிடப் போன ஒரு சாயங்காலம், கௌன்களை உள்பக்கம் திருப்பிப்போட்டு மார்க்கர் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள். ஷிபா, ஷிபா, ஷிபா. பக்கத்தில் ஷிபா கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்து, "என் பேருதானம்மா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் சுஃபியா "ஆமா" என்றாள். நான் வாசலிலேயே நின்றேன்.

செவ்வாய்க்கிழமை, ஷிப்ட் மாறும் நேரத்தில், முகம் பதியும் மெஷினுக்குப் பக்கத்தில் சூப்பர்வைசர் எங்களை மறித்தார்.

"வியாழக்கிழமை நூல் வாங்குற வெளிநாட்டுப் பார்ட்டி ஆடிட்டுக்கு வருது, என்னென்ன வசதி இருக்குன்னு பாப்பாங்க. காப்பகத்தத் தொறந்து காட்டணும். பிள்ளை வச்சிருக்கவங்க எல்லாம் கூட்டிட்டு வாங்க. நல்லாக் குளிக்க வச்சு, நல்ல சட்டை போட்டு. பஸ்ல ஏத்தச் சொல்லியிருக்கேன்."

குழந்தைகள் காப்பகம் என்று ஒரு அறை ஆபீசுக்குப் பக்கத்தில் இருந்தது. கதவுக்கு மேல் பெயர் எழுதிய பலகையும் உண்டு. உள்ளே நூல் சுற்றும் உடைந்த பாபின்களும் காலி அட்டைப்பெட்டிகளும் கிடக்கும். போன வருட ஆடிட்டுக்கு முதலாளியின் சொந்தக்காரர் நடத்தும் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை வேனில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். இப்போது பள்ளிக்கூடம் லீவு.

"மூணு வாரமா என் பிள்ளைய வச்சுப் பூட்டிட்டு வாரேன்" என்றாள் முத்துமீனா. "இப்ப என்ன சார் திடீர்னு பாசம் பொங்குது?"

"ஒருநாளுதானம்மா. பிஸ்கட், பாலு, பொம்மை எல்லாம் உண்டு. ரெண்டு மணிக்குத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருங்க." பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "சுருளியண்ணே, அந்தக் கால் அடிபட்ட பிள்ளை மட்டும் வேணாம். வெள்ளைக்காரன் தோண்டித் தோண்டிக் கேப்பான். அந்தம்மாட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க."

முத்துமீனாவுக்கும் அது கேட்டுவிட்டது. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இந்த முறையும் பேசாமல் போகிறேனா என்று பார்த்திருக்கலாம்.

சாயங்காலம் போய் சுஃபியாவிடம் அப்படியே சொன்னேன். பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவள் கையில் இருந்த கௌனை மடித்து வைத்தாள். "அவ மட்டும் வேணாமாமா?" என்றாள்.

"ஆமாம்மா."

"அப்ப அவளத்தான் கூட்டிட்டுப் போகணும்." விபத்துக்குப் பிறகு முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். "அன்னைக்கு மட்டும் தொறக்குற கதவ ஏண்ணே மறுபடி பூட்டவிடணும்?"

எட்டுப் பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேச எங்களுக்கு ஒரு நேரம் கிடையாது. எங்கள் ஷிப்ட் அப்படி. ஒருவர் வெளியே வந்தால்தான் ஒருவர் உள்ளே போக முடியும். இப்போது எட்டும் ஏழாகியிருந்தது. அந்தப் பேச்சு, ஒருவர் மெஷினை விட்டு மற்றவர் வாங்கும் பத்து நிமிடத்தில், துண்டு துண்டாக நடந்தது. குடிதண்ணீர்க் குழாயடியில் முத்துமீனாவிடம் சொன்னேன். அவள் இரண்டு பேரிடம் சொன்னாள். எங்கள் ஏழு பேரில் சின்னத்தாய் மட்டும் பயந்தாள். "மூணு பிள்ளைண்ணே எனக்கு. வெளிய தள்ளிட்டான்னா?" "தள்ளலாம். நானும் கூட நிப்பேன், அம்புட்டுத்தான் சொல்ல முடியும்" என்றேன். புதன்கிழமை மதியம் அவள் வந்து, "என் பிள்ளைக மூணும் வருதுக" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை விடிகாலையில் பஸ்ஸே வேறு மாதிரி இருந்தது. பவுடர் வாசமும் அழுகையுமாக. காப்பகத்தில் புதுப் பாய் விரித்திருந்தார்கள். பொம்மைகள் பிளாஸ்டிக் உறையோடு இருந்தன, பிரிக்கக் கூடாதாம். பத்தரைக்கு ஆடிட்டுக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் குனிந்து ராம்கியின் கன்னத்தைத் தொட்டார். படம் எடுத்தார்கள். ஒரு மணிக்குக் கார் கிளம்பியது. கார் கேட்டைத் தாண்டியதும் ஒருவர் வந்து பொம்மைகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார்.

ஒன்று நாற்பதுக்கு பி ஷிப்ட் பஸ் வந்தது. சுஃபியா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். கேட்டில் சிவனாண்டி அண்ணன். அடிபட்ட பிள்ளையை விடக் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் ஷிபாவின் காலைப் பார்த்தார். அப்புறம் ரிஜிஸ்டரைத் திறந்து, குனிந்து, அதில் எதையோ மும்முரமாகத் தேடத் தொடங்கினார். அவள் நடந்து உள்ளே வந்துவிட்டாள்.

இரண்டு மணிக்கு நாங்கள் பிள்ளைகளைக் கூப்பிடவில்லை. ஏ ஷிப்ட்காரர்கள் காப்பகத்துக்குள் போய் உட்கார்ந்தோம். பி ஷிப்ட்காரர்கள் தங்கள் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டு மெஷினுக்குப் போகத் தயாராக வாசலில் நின்றார்கள்.

முதலாளி வந்தார். "என்ன நடக்குது இங்க?"

"பிள்ளைக இருக்குதுக முதலாளி" என்றாள் முத்துமீனா. "காப்பகம்னு நீங்கதான எழுதி வச்சிருக்கீங்க?"

"ஆடிட் முடிஞ்சிருச்சு. கூட்டிட்டுக் கெளம்புங்க."

"ஆடிட்டுக்கு மட்டுமா பிள்ளை பெத்தோம்? அம்பது பேருக்கு மேல வேல பாக்குற எடத்துல காப்பகம் இருக்கணும்னு உங்க ஆபீஸ் செவுத்துலயே ஒட்டியிருக்கு. நான் தெனம் அங்க நின்னுதான் முகம் காட்டுறேன்."

"எனக்குச் சட்டம் படிக்கிறியா? சுருளி! நீ இவங்களோட சேந்து ஆடுறியா? எந்திரி."

"எந்திரிக்க மாட்டேன் முதலாளி. அன்னைக்கு எந்திரிச்சுக் குடோனுக்கு வந்தேன்."

அவர் அப்போதுதான் ஷிபாவைப் பார்த்தார். ஒரு நொடி எதையோ சொல்ல வாயெடுத்தவர் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "யாருய்யா இந்தப் பிள்ளைய உள்ள விட்டது?"

சுஃபியா மகளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"மிஷின் ஓடணும்" என்றார். "ஓடுமா, ஓடாதா?"

"ஓடும்" என்றாள் சுஃபியா. அவள் குரல் உயரவில்லை. "பிள்ளைக இங்க இருந்தா ஓடும். நாளைக்கும் இருந்தா நாளைக்கும் ஓடும்."

"ஆறு மணி வரைக்கும் டைம். அதுக்குள்ள காலி பண்ணல, போலீஸ் வரும். ஏழு பேருக்கும் நாளைக்கு வேல இல்ல."

அவர் போன கொஞ்ச நேரத்தில் அறையின் மின்விசிறி நின்றது. விளக்கும் அணைந்தது. பிள்ளைகள் சிணுங்கத் தொடங்கினார்கள். அட்டைப்பெட்டிகளைக் கிழித்து விசிறினோம். பி ஷிப்ட் பெண்கள் யாரும் மெஷினுக்குப் போகவில்லை. பிள்ளை இல்லாத பெண்களும்தான். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. பயிற்சிப் பெண்கள் இரண்டு பேர் வந்து வராண்டாவில் உட்கார்ந்து, கையில் கிடைத்த அட்டையால் வாசல் பக்கமிருந்து காற்றை உள்ளே தள்ளினார்கள். நெடுங்காலமாகக் கேட்டுப் பழகிய மெஷின் சத்தம் இல்லாமல் கட்டடம் முழுக்க ஒரு அமைதி. அந்த அமைதியில் முதலில் எல்லோருக்கும் பயமாகத்தான் இருந்தது.

ஐந்து மணிக்கு ரசாக் பாய் ஆட்டோவோடு கேட்டுக்கே வந்துவிட்டார். சுஃபியா அவரிடம் போனாள். நான் ஜன்னல் வழியே பார்த்தேன். அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். திரும்பி வந்ததும், "என்ன சொன்னாரு?" என்று முத்துமீனா கேட்டாள்.

"வேல போயிருச்சுன்னா என்ன பண்ணுவேன்னு கேட்டாரு. 'தெரியலண்ணே, ஆனா இன்னைக்கு அனுப்ப மாட்டேன்'னு சொல்லிட்டேன்."

"போயிட்டாரா?"

"இல்ல. ஆட்டோவ மட்டும் அனுப்பிட்டாரு. வாட்ச்மேன்கூட நிக்கிறாரு."

அவள் என் முன்னால் வந்து நின்றாள். இடுப்பில் ஷிபா அரைத் தூக்கத்தில் இருந்தாள். "அண்ணே, லேபர் ஆபீசுக்கு ஒரு மனு எழுதணுங்கிறா முத்துமீனா. எல்லார்ட்டயும் கையெழுத்து வாங்கணும், வராண்டாவுல இருக்குறவங்கட்டயும். நான் போயிட்டு வாரேன்." ஒரு கணம் தயங்கினாள். "இவளக் கொஞ்சம் வச்சிருங்க."

நான் கை நீட்டினேன். இந்த முறை அவள் திரும்பிக்கொள்ளவில்லை. ஷிபாவின் கனம் என் தோளில் இறங்கியது. கட்டுப்போட்ட கால் இடிக்காமல் பிடித்துக்கொண்டேன். சுஃபியா வராண்டா பக்கம் போனாள்.

ஐந்தரைக்கு சூப்பர்வைசர் வாசலில் வந்து நின்றார். "சொல்றதக் கேளுங்க, போலீசுக்குப் போன் போட்டாச்சு" என்று ஆரம்பித்தார்.

"சார்" என்று நடுவில் எழுந்தாள் சின்னத்தாய். அன்று முழுக்க அவள் வாயே திறக்கவில்லை. "பிள்ளைக நாலஞ்சு ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு நிக்குதுக. ஆடிட் போனதும் இந்தப் பாத்ரூமப் பூட்டியில்ல வச்சிருக்கீங்க. சாவியக் குடுங்க."

"என்னது?"

"சாவி சார். பாத்ரூம் சாவி."

அவர் எங்களைப் பார்த்தார். காலை இறுக்கிக்கொண்டு வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். ஆபீஸ் பக்கம் நடந்தார். சாவி எடுக்கப் போனாரா, வேறு எதற்கும் போனாரா, தெரியவில்லை. வராண்டாவில் இருந்த பெண்கள் வழிவிட ஒதுங்கி, அவர் போனதும் மறுபடி நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள்.